கல் வைத்திருக்கும் கணக்கு

நாம் வாழும் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவ்வீட்டு மகன் இந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே பிரிவில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, அவருடைய தாயார் ஒரு கடிதத்தைக் கையில் பிடித்தவாறு நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அரசாங்கக் காகிதம் எதுவாயினும் அதனை மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்கு எடுத்து வருவது எங்கள் குடியிருப்புத் தமிழர்களின் வழக்கம். ஆங்கிலத்தில் இருந்த அக்கடிதத்தின் சாரம் இது: மகன் மார்பில் அணியும் கதிர்வீச்சுப் பேட்ஜ், முந்திய மூன்று மாத காலத்தில் மிகையான கதிர்வீச்சைக் காட்டியிருக்கிறது, அதற்குக் காரணம் யாதென அவர் விளக்கம் தரவேண்டும்.

அம்மையார் கடிதத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பேட்ஜைப் பற்றியே கேட்டார். "தம்பி, அந்த அட்டையை அவன் ஒருதரம் காட்டியிருக்கான். தீப்பெட்டி அளவுதான். அதிலே கரண்டு இல்லை, முள்ளு இல்லை. மூணு மாசமா என் பிள்ளை மேலே என்ன பட்டதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? நிஜத்தைச் சொல்லுதா, கோள் சொல்லுதா?"

அக்கேள்விக்கு அன்று நாம் தந்த விடை நிறைவானதன்று. நாம் கல்லூரியில் வரலாறும் இலக்கியமும் பயின்றவர்கள். விஞ்ஞானம் நமக்குத் தொழில் அன்று. ஆயினும் அந்தத் தாயின் கேள்வி நம்மை விடவில்லை. பின்னர்ப் படித்தும் அறிந்தாரைக் கேட்டும் நாம் தெரிந்துகொண்டவற்றையே இங்கு நேயர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம். தாராப்பூரிலும் ராவத்பாட்டாவிலும், பம்பாய் முதல் கல்கத்தா வரையிலுள்ள மருத்துவமனைகளிலும், இத்தகைய பேட்ஜை மார்பில் அணிந்து உழைக்கும் தமிழர் பலர். அவர்தம் இல்லத்தாருக்கு இவ்விஷயம் பயன்படக்கூடும்.

முதலில் ஓர் எளிய வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். கொல்லன் உலையில் இரும்பு செக்கச்செவேலென்று ஒளிர்வதை நாம் அறிவோம். மிகுந்த வெப்பம் ஏறிய எந்தப் பொருளும் அங்ஙனம் ஒளிரும். ஆறவைத்து மீண்டும் காய்ச்சினால் மீண்டும் ஒளிரும். நூறு முறை காய்ச்சினாலும் அப்படியே. இனி, ஃபுளோரைட் என்னும் கனிமத்தை எடுத்துக்கொள்வோம். பச்சை, ஊதா முதலிய நிறங்களில் கண்ணாடிபோல் விளங்கும் இக்கல் குஜராத் மாநிலத்தின் அம்பாதுங்கர் முதலிய இடங்களில் கிடைக்கிறது. ஃபுளோரைட்டில் பல வகைகளைப் பொடித்து, இருட்டறையில் சூடான தகட்டின் மீது தூவினால், இரும்பு சிவப்பதற்கு வேண்டிய வெப்பத்திற்கு மிகக் கீழேயே அவை குளிர்ந்த ஒளியை வீசத் தொடங்கும். சிறிது நேரத்தில் அவ்வொளி அவிந்துவிடும். அதே தூளை ஆறவைத்து மறுபடி சூடேற்றினால் ஒளி வாராது. ஆகவே இது வெப்பம் பிறப்பித்த ஒளி அன்று. கல்லுக்குள் முன்னரே சேர்ந்திருந்த ஏதோ ஒன்றை வெப்பம் வெளியேற்றிவிட்டது என்பது வெளிப்படை. இந்நிகழ்ச்சிக்கு வெப்ப ஒளிர்வு என்று பெயர்.

இதனை விஞ்ஞானியர் கண்டுகொண்ட வரலாறு சுவையானது. 1663ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ராபர்ட் பாயில் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, கிளேட்டன் என்பவருக்குச் சொந்தமான ஒரு வைரத்தை இரவல் பெற்று ஆராய்ந்தார். இருளில் அதனைத் தேய்த்தும் அழுத்தியும் சூடேற்றியும் பார்த்தார். படுக்கைக்கே எடுத்துச் சென்று, தம் உடலின் வெதுவெதுப்பான பகுதியில் நெடுநேரம் வைத்திருந்தபோது அது மங்கலாக ஒளிர்ந்ததாக லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தெரிவித்தார். வெப்ப ஒளிர்வைப் பற்றிய விஞ்ஞானக் குறிப்புக்களில் மிகப் பழையனவற்றுள் இது ஒன்று. 1676இல் எல்ஷோல்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் ஃபுளோரைட்டிலும் இத்தன்மையைக் கண்டு எழுதினார்.

எனினும் கல்லுக்குள் இருப்பது யாது என்ற வினாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை கிடைக்கவில்லை. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் ஆராய்ச்சி ஏட்டில் ஒரு குறிப்பு வரைந்தார். சூடேற்றியதால் ஒளிரும் திறனை இழந்துவிட்ட ஃபுளோரைட்டை ரேடியத்தின் அருகே வைத்தால், அது அத்திறனை மீண்டும் பெற்றுவிடுகிறது என்பதே அது. இந்த ஒரு குறிப்பிலேயே புதிரின் திறவுகோல் இருந்தது. கல்லில் சேர்வது கதிர்வீச்சின் சக்தி. அதனை வெளிவிடச் செய்வது வெப்பம்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? ஃபுளோரைட், குவார்ட்ஸ் போன்ற கனிமங்கள் படிகங்களாகும். அவற்றின் அணுக்கள் ஓர் ஒழுங்கு முறையில், நாற்று நடப்பெற்ற வயலைப்போல் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அணுவிலும் எலெக்ட்ரான்கள் தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. கதிர்வீச்சு படிகத்தின் ஊடே பாயும்போது சில எலெக்ட்ரான்களைப் பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்தவற்றில் பெரும்பாலானவை உடனே தம் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் இயற்கையில் எந்தப் படிகமும் குறையற்றதன்று. ஓர் அணு இல்லாத வெற்றிடம், அந்நியமான ஓர் அணு வந்து புகுந்த இடம் ஆகிய குறைகள் ஆங்காங்கே இருக்கும். ஓடித் திரியும் எலெக்ட்ரான்களிற் சில, பல்லாங்குழிப் பலகையின் குழிகளில் சோழிகள் விழுவதைப்போல், இக்குறைகளில் விழுந்து சிக்கிக்கொள்கின்றன. தாமாக மேலேறி வர அவற்றுக்குச் சக்தி இல்லை. படிகத்தைச் சூடேற்றும்போது அச்சக்தி கிடைக்கிறது. குழியை விட்டு எழுந்து அவை தமக்குரிய நிலையை அடைகின்றன. அங்ஙனம் அடையும்போது தம்மிடம் எஞ்சிய சக்தியை ஒளியாக வெளியிடுகின்றன.

குழிகள் எல்லாம் ஒரே ஆழம் உடையன அல்ல. ஆழமில்லாத குழியில் விழுந்தவை சாதாரண அறை வெப்பத்திலேயே சில மணி நேரத்தில் நழுவிவிடும். ஆழ்ந்த குழியில் விழுந்தவை, எவரும் சூடேற்றாவிடின், இலட்சக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். குழியின் ஆழத்திற்கும் எலெக்ட்ரான் அதில் தங்கும் காலத்திற்கும் உள்ள உறவை ராண்டால், வில்கின்ஸ் என்னும் இருவர் 1945இல் கணித முறையில் விளக்கினர். உயிரணுக்களின் மூலப்பொருளான டி.என்.ஏ.யின் அமைப்பை ஆராய்ந்து 1962இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற வில்கின்ஸே இவர்.

பிள்ளைகள் காசு சேர்க்கும் மண் உண்டியலை இங்கே நினைவுகூரலாம். காசுகள் ஒன்றொன்றாய் விழுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று தெரியாது. எண்ணிப் பார்க்க வேண்டுமானால் உண்டியலை உடைத்தே ஆகவேண்டும். கல்லின் கணக்கும் அத்தகையதே. படிக்கும் செயலே கணக்கை அழித்துவிடுகிறது. ஆதலின் அதனை ஒரு முறைதான் படிக்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உடைந்த உண்டியல் மீண்டும் பயன்படாது. கல்லோ, ஒளியை உமிழ்ந்து வெறுமையானபின், கதிர்வீச்சுப் படும்போது புதிய கணக்கைத் தொடங்கிவிடுகிறது.

இவ்வுண்மையை வரலாற்று ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம் என்று 1953இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாரிங்டன் டேனியல்ஸும் அவருடைய துணைவர்களும் எடுத்துரைத்தனர். வரலாறு பயின்ற நமக்கு இப்பகுதி தனிச்சுவை உடையதாகத் தோன்றிற்று. பானை வனையும் களிமண்ணில் குவார்ட்ஸ் முதலிய மணல் துகள்கள் கலந்திருக்கின்றன. குயவர் அப்பானையைச் சூளையில் இட்டு 500 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடும்போது, அத்துகள்களில் அதுகாறும் சேர்ந்திருந்த கணக்கெல்லாம் அழிந்துவிடுகிறது. சூளை ஆறிய அன்றே புதுக் கணக்குத் தொடங்குகிறது. மண்ணிலும் பானையிலும் மிகச் சிறிய அளவில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கம் உண்டு. அது ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவாகத் துகள்களில் வந்து சேர்கிறது.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். கதிர்வீச்சுப் பொருள்களில் சேரும் அளவைக் கூறும் அலகு கிரே. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. புதைந்திருந்த இடத்தில் ஒரு பானைக்கு ஆண்டுக்கு 3 மில்லிகிரே வீதம் கதிர்வீச்சு வந்து சேர்ந்தது என்று கொள்வோம். அப்பானையின் துகள்களைச் சூடேற்றி அளந்ததில் மொத்தம் 6 கிரே, அஃதாவது 6000 மில்லிகிரே சேர்ந்திருப்பது தெரிந்தால், 6000ஐ 3ஆல் வகுக்க 2000 வருகிறது. அப்பானை சுடப்பட்டு 2000 ஆண்டுகள் ஆயின என்பது விடை.

கணக்கு எளிது, செயல் அத்துணை எளிதன்று. வெளிச்சமும் கணக்கைக் கலைக்கும் ஆதலால், பானையின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் உட்பகுதியிலிருந்து தூள் எடுக்கின்றனர். தூளைப் பல பங்குகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு ஆய்வுக்கூடத்தில் அளவறிந்த கதிர்வீச்சைச் செலுத்தி, அவற்றின் ஒளியையும் இயற்கையாகச் சேர்ந்த ஒளியையும் ஒப்பிடுகின்றனர். பானை கிடந்த மண்ணையும் அதிலுள்ள ஈரத்தையுங்கூட அளக்க வேண்டும். இத்தனையும் செய்தபின்னரும், நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை விடையில் முன்பின் இருக்கலாம்.

இம்முறை போலிகளையும் காட்டிக்கொடுத்தது. துருக்கி நாட்டில் ஹாஜிலார் என்னும் தொன்மையான குடியிருப்பின் பெயரால் 1960களில் அழகிய மண்கலங்களும் மண்பாவைகளும் சந்தைக்கு வந்தன. பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையன என்று நம்பிப் பெயர்பெற்ற அருங்காட்சியகங்களும் அவற்றை வாங்கின. ஐயங்கொண்ட அறிஞர்கள் ஆக்ஸ்போர்டில் அத்தகைய 66 பொருள்களை வெப்ப ஒளிர்வினால் சோதித்து, 1971இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 48 அண்மைக் காலத்தில் சுடப்பட்டவை என்பது தெரியவந்தது. வடிவத்தையும் வண்ணத்தையும் கண்டு கண் ஏமாந்தது. உள்ளிருந்த மணல் ஏமாறவில்லை.

ஆனால் இங்கே ஓர் எல்லையையும் சொல்லவேண்டும். மணல் சொல்வது, பானை கடைசியாக எப்போது நெருப்பைக் கண்டது என்பதை மட்டுமே. ஆயிரம் ஆண்டுப் பழமையான பானை இருந்த வீடு நூறு ஆண்டுகளுக்கு முன்பு தீப்பற்றி, அத்தீயில் பானையும் நன்கு வெந்துபோயிருந்தால், மணல் நூறு ஆண்டு என்றே கூறும். அது பொய்யன்று. தன் கணக்கு எப்போது தொடங்கிற்றோ அதனையே அது கூறுகிறது. அதற்கு முன் நிகழ்ந்தவற்றை வேறு சான்றுகளைக் கொண்டு நாமே அறியவேண்டும்.

சூரிய வெளிச்சம் கணக்கைக் கலைக்கும் என்றோம். அந்தத் தொல்லையையே ஒரு வசதியாக மாற்றலாம் என்று 1985இல் கனடா நாட்டின் ஹண்ட்லியும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். ஆறு அடித்து வரும் மணலில் முன்பு சேர்ந்த கணக்கை வெயில் அழிக்கிறது. அம்மணல் மண்ணுக்குள் புதைந்ததும் புதுக்கணக்குத் தொடங்குகிறது. அதனைச் சூடேற்றாமல், ஒளியைப் பாய்ச்சியே குழிகளிலிருந்து எலெக்ட்ரான்களை எழுப்பிப் படிக்கலாம். இம்முறையின் பயன் நம் தாயகத்திற்கும் கிட்டியிருக்கிறது. சென்னைக்கு வடமேற்கே கொசத்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. அங்கே பழைய கற்காலக் கருவிகள் கிடப்பதை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கண்டறிந்தார். சாந்தி பப்பு அம்மையாரின் குழுவினர் அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்தனர். அம்மண்ணடுக்குகளின் காலத்தை அகமதாபாத்திலுள்ள இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் அறிஞர்கள் துணையுடன், அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சும் முறையில் கணித்தனர். இடைப் பழங்கற்காலத்துக்குரிய கருவிகள் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று அவர்கள் 2018இல் அறிவித்தனர். தமிழகத்து ஆற்றுமணல் வைத்திருந்த கணக்கு குஜராத்தில் படிக்கப்பெற்றது.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருவோம். மகன் அணியும் பேட்ஜும் மேற்கூறிய பானையும் ஒரே விதிக்கு உட்பட்டவை. பானையின் கணக்கு ஆயிரம் ஆண்டுக் கணக்கு. பேட்ஜின் கணக்கு மூன்று மாதக் கணக்கு. நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளர்களைக் கண்காணிக்க முன்பு புகைப்படச் சுருள் வைத்த பேட்ஜுகள் இருந்தன. 1975ஆம் ஆண்டு முதல், டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய டி.எல்.டி. பேட்ஜ் வழக்கத்திற்கு வந்தது. அதில் உள்ள சரக்கு கால்சியம் சல்ஃபேட். ஜிப்சத்திலிருந்து நீரை முற்றும் நீக்கினால் எஞ்சுவது இதுவே. படிகத்தில் குறைகள் இயற்கையாக அமையட்டும் என்று விடாமல், டிஸ்புரோசியம் என்னும் அருமண் தனிமத்தைச் சிறிதளவு சேர்த்து ஒளிர்வைப் பெருக்குகின்றனர். அத்தூளை டெஃப்லானுடன் கலந்து, சட்டைப் பொத்தான் போன்ற மூன்று வில்லைகளாக்கி, ஓர் அலுமினிய அட்டையில் பொருத்துகின்றனர். ஒரு வில்லைக்கு மேல் உலோகத் தகடும், ஒன்றன் மேல் பிளாஸ்டிக்கும் இருக்கும்; மூன்றாவது திறந்தே இருக்கும். மூன்றும் பதிவு செய்த அளவுகளை ஒப்பிட்டு, வந்தது எவ்வகைக் கதிர் என்பதையும் ஊகிக்கலாம்.

தவணை முடிந்ததும் பேட்ஜிலிருந்து அட்டையை எடுத்து ஆய்வுக்கூடத்தில் சூடேற்றுகின்றனர். 200 டிகிரியைக் கடந்த சற்றுநேரத்தில் வில்லை மிகுதியாக ஒளிர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லொளியையும் மின்னோட்டமாக மாற்றிப் பெருக்கும் குழல் ஒன்று அதனை அளக்கிறது. அவ்வளவிலிருந்து கதிர்வீச்சின் அளவு கணிக்கப்படுகிறது. மனித உடலுக்கான அலகு சீவர்ட். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். நம் நாட்டு விதிப்படி, பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுகளில் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படாமலும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே மக்கள் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஆக, பேட்ஜ் கோள் சொல்லவில்லை. அதன்மீது கதிர்வீச்சுப் பட்டது மெய். ஆனால் அது மகன்மீதும் பட்டதா? இதனை வில்லை அறியாது. சூளையில் சுட்ட நாளையும் வீடு தீப்பற்றிய நாளையும் பானையின் மணல் பிரித்தறியாதது போலவே, தான் ஒரு மனிதனின் மார்பில் இருந்ததா, சுவரில் தொங்கியதா என்பதை வில்லை பிரித்தறியாது.

விசாரணையில் உண்மை வெளிப்பட்டது. தங்கையின் திருமணத்திற்காக அவ்விளைஞர் பன்னிரண்டு நாள் விடுப்பில் ஊருக்குச் சென்றிருந்தார். புறப்படும் அவசரத்தில் பேட்ஜைக் கழற்ற மறந்து, ஈயக் கவசத்தோடு எக்ஸ்ரே அறையின் கொக்கியிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டு நாளும் அவர் திருநெல்வேலியில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்க, பேட்ஜ் இங்கே கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனையும் நலமென்று கூறிற்று. அந்த அளவு அவர் உடல் பெற்றதன்று என்று முடிவாகிக் கடிதம் வரும்வரை, அத்தாய் இரண்டு மாதம் நிம்மதியாக உறங்கவில்லை.

ஆயினும் நம்மை அதிகமாகக் கவலை கொள்ளச் செய்தது வேறொன்று. அவ்விளைஞருடன் பணியாற்றும் ஒருவர், இத்தகைய விசாரணைக்கு அஞ்சித் தம் பேட்ஜை மேசை இழுப்பறையிலேயே பூட்டி வைத்துவிடுகிறாராம். அவருடைய கணக்கு எப்போதும் ஏறத்தாழப் பூஜ்யம். எவரும் அவரிடம் விளக்கம் கேட்பதில்லை. கொக்கியில் தொங்கிய பேட்ஜினால் ஒரு குடும்பம் இரண்டு மாதம் வருந்திற்று. இழுப்பறையில் உறங்கும் பேட்ஜினால் வரும் துன்பமோ வெளியில் தெரியாது. எந்திரத்தில் ஒரு பழுதோ, தடுப்பில் ஒரு பிளவோ நேர்ந்தால் அதனை எச்சரிக்க வேண்டிய சாட்சியை அவரே அறைக்குள் அடைத்துவிட்டார். பின்னொரு நாள் ஐயம் எழுந்து கேட்டாலும், கல்லிடம் அவரைப் பற்றிய கணக்கு ஒன்றுமே இராது.

பேட்ஜ் கவசம் அன்று; அது கதிரைத் தடுக்காது. அதனை அணிவதன் பயன், நாம் பெற்றதை அதுவும் பெறவேண்டும் என்பதே. ஆகவே பணி நேரத்தில் அதனை மார்பில், ஈயக் கவசம் அணிபவராயின் கவசத்திற்கு உள்ளே, அணிந்திருக்க வேண்டும். பணி முடிந்ததும் கதிர்வீச்சு இல்லாத இடத்தில், ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் பேட்ஜின் அருகே வைத்துவிட வேண்டும். ஒருவருடையதை மற்றவர் அணிதல் கூடாது.

இவற்றையெல்லாம் நாம் அம்மையாருக்கு மெல்ல எடுத்துக் கூறினோம். எலெக்ட்ரானையும் படிகத்தையும் அவர் எவ்வளவு ஏற்றுக்கொண்டார் என்பது நமக்குத் தெரியாது. உண்டியலும் பல்லாங்குழியும் அவருக்கு நன்றாக விளங்கின. இப்போதெல்லாம் மாலையில் மகன் வீடு திரும்பியதும், காப்பிக் குவளையை நீட்டுவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி மாடிப்படியில் நிற்கும் நமக்கும் கேட்கிறது: "ஏலே, அந்தக் கல்லை வைக்கிற இடத்திலே வச்சியா?"